உஷார்! ஆக்சிஜன் வீட்டுக்குள் வந்துவிட்டது

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை, இந்தப் பக்கம் மேடவாக்கம், அந்தப் பக்கம் முடிச்சூர் என்று குடியிருப்பவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது நுரையீரல் நோய் இருந்து, "வீட்டிலேயே ஆக்சிஜன் வெச்சுக்குங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அவசியம் படியுங்கள். நர்சிங் ஹோம் இருக்கும் தெருவில் குடியிருப்பவர்களும் படியுங்கள். விஷயம் உங்கள் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

கொரோனாவுக்கு முன்பு ஆக்சிஜன் என்றால் ஆஸ்பத்திரிச் சமாச்சாரம். 2021க்குப் பிறகு அது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. வாடகைக்குக் கிடைக்கிறது, போன் செய்தால் குட்டியானையில் ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். கேஸ் சிலிண்டருக்கு நாம் பயப்படுகிறோம். ரப்பர் டியூபை மாற்றுகிறோம், இரவில் ரெகுலேட்டரை மூடுகிறோம். ஆக்சிஜன் சிலிண்டரிடம் அந்தப் பயம் துளிகூட இல்லை. மூச்சுக்காற்றுதானே, அது என்ன செய்துவிடும் என்கிற நினைப்பு. அந்த நினைப்புதான் ஆளைக் கொல்லும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீடு. கட்டிலில் எழுபது தாண்டிய பெரியவர், மூக்கில் டியூப். தலைமாட்டில் ஆள் உயரத்துக்கு டி டைப் சிலிண்டர். அதற்கு இரண்டடி தள்ளி சுவரில் பூஜை அலமாரி, அதில் நல்லெண்ணெய் விளக்கு நின்று எரிகிறது. "அம்மா, இந்த விளக்கை ஹாலுக்கு மாத்திடுங்களேன்" என்றேன். "சாமி விளக்குங்க, மாமா கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு வெச்சிருக்கோம். அதுல என்ன ஆகிடப்போவுது?" என்றார் அந்த வீட்டு மருமகள். பாசத்தில் செய்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சிலிண்டரை இறக்கிவைத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று எழுதியிருந்ததே தவிர, விளக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆக்சிஜன் தானாக எரியாது. எரிகிற எதையும் வெறிகொண்டு எரிய வைக்கும். நாம் விடும் மூச்சுக்காற்றில் அது 21 சதவீதம். 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த இடம் ஆபத்தானது என்பது பாதுகாப்புக் கணக்கு. மூக்கில் டியூப் மாட்டியிருப்பவரின் தலையணை, போர்வை, சட்டை, தலைமுடி எல்லாம் மணிக்கணக்கில் ஆக்சிஜனில் ஊறிக்கிடக்கின்றன. சாதாரணமாக ஒரு பொறி பட்டால் கருகி அணைந்துவிடும் துணி, அப்போது குப்பென்று பற்றும். சிலிண்டரை மூடிவிட்டால் உடனே சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். துணியில் ஏறியது இறங்கக் குறைந்தது கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் இருக்க வேண்டும். டியூபைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் பால்கனிக்குப் போய் பீடி பற்றவைப்பவர்களுக்கு மீசையும் முகமும் வெந்துபோவது இப்படித்தான். நுரையீரல் கெட்டுப்போய் ஆக்சிஜன் வைத்திருக்கும் ஆண்களில் பலர் ஆயுசு முழுக்கப் புகைத்தவர்கள் என்பதால், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்பல்லோ 1 விண்கலத்துக்குள் தரையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உள்ளே முழுக்க ஆக்சிஜன். எங்கோ மின்கம்பியில் ஒரு பொறி. கஸ் கிரிஸம், எட் வொயிட், ரோஜர் சாஃபி மூவரும் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்கள் கட்டிய அறையின் கதி அது. 2021 ஏப்ரல் 24 இரவு பாக்தாத்தின் இப்னு அல் காதிப் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்துப் பரவிய தீயில் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் ஊரிலும் 2022 ஏப்ரல் 27 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தீப்பிடித்தபோது சிலிண்டர்கள் வெடித்தன. நோயாளிகளை அவசர அவசரமாக வெளியே கொண்டுவந்ததால் உயிர் பிழைத்தார்கள். அங்கே ஆட்கள் இருந்தார்கள், தீயணைப்பு வண்டி வந்தது. சேலையூரில் இரண்டாவது மாடியில், பகலில் பெரியவர் மட்டும் தனியாக இருக்கும் ஃப்ளாட்டில் யார் இருக்கப்போகிறார்கள்?

ஆகவே விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, கொசுவத்தி, கேஸ் அடுப்பு எதுவானாலும் ஆக்சிஜனிலிருந்து பத்தடிக்கு அப்பால் போகட்டும். மாலையில் வீடு முழுக்கச் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றும் பழக்கம் இருந்தால் அந்த அறையை மட்டும் விட்டுவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது எண்ணெய். இது நிறையப் பேருக்குத் தெரியாது. சிலிண்டர் கொண்டுவரும் பையன் ரெகுலேட்டரை மாட்டும்போது மரை இறுகிக்கொண்டால், "அக்கா, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் குடுங்க" என்று கேட்பான். கொடுக்காதீர்கள். கையைப் பிடித்துத் தடுங்கள். நிரம்பிய சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய எழுபது மடங்கு. வால்வைத் திறந்ததும் அந்த அழுத்தம் ஒரே நொடியில் ரெகுலேட்டருக்குள் பாயும்போது அங்கே உண்டாகும் சூட்டுக்கு, எண்ணெயைப் பற்றவைக்க நெருப்புக்குச்சி வேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, மூக்கு வறண்டால் தடவும் வாசலின், வால்வைத் துடைக்கும் எண்ணெய்ப் பிசுக்குத் துணி எல்லாமே இதில் சேர்த்தி. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சிலிண்டரைத் தொட வேண்டும். மூக்குக்குத் தண்ணீர் சேர்ந்த களிம்பு எது என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். வால்வைத் திறக்கும்போது ரெகுலேட்டருக்கு நேர் எதிரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று, சாவியை மெல்ல மெல்லத் திருகுங்கள். படக்கென்று திருகுவது சாமர்த்தியம் கிடையாது.

சிலிண்டரை நிற்க வைத்தால் சங்கிலியோ கயிறோ போட்டு சுவரோடு கட்டுங்கள். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் அது சாய்ந்து வால்வு உடைந்தால், அந்த இரும்புக் கட்டை சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் வேகத்தில் சீறும்.

இனி நர்சிங் ஹோம் சமாச்சாரத்துக்கு வருவோம். முப்பது நாற்பது படுக்கை உள்ள மருத்துவமனைகள் சிலவற்றின் பின்பக்கச் சந்தில், இடுப்புக்கு மேல் உயரமாக, பளபளவென்று எவர்சில்வர் பீப்பாய் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே குழாய்களும் வால்வுகளும், அவற்றின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். டியூரா சிலிண்டர் என்பார்கள். உள்ளே இருப்பது திரவ ஆக்சிஜன், சுழியத்துக்குக் கீழே 183 டிகிரி குளிரில். தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு கிடைக்கும். இருநூறு லிட்டர் டியூரா ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட பெரிய சிலிண்டர்களின் வேலையைச் செய்துவிடும். சின்ன இடத்தில் அவ்வளவு உயிர்க்காற்றை அடைத்துவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அது கசிந்தால் என்ன ஆகும் என்று நாசிக்கில் நாடே பார்த்தது. 2021 ஏப்ரல் 21, டாக்டர் ஜாகிர் உசேன் மருத்துவமனை. டேங்கர் லாரியிலிருந்து தொட்டியில் நிரப்பும்போது கசிவு. மருத்துவமனை வளாகமே வெள்ளைப் புகை மூடிக் கண் தெரியவில்லை. வார்டுகளுக்குப் போன ஆக்சிஜன் அறுந்தது. அன்றைக்கு மட்டும் 22 பேர் இறந்தார்கள்.

அந்த வெண்புகையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிவது, குளிரில் உறையும் ஈரம். ஆக்சிஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை எங்கே முடிகிறதோ அதையும் தாண்டி அது பரவியிருக்கும். குளிர்ந்த வாயு கனமானது என்பதால் தரையோடு தரையாக ஊர்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். ஆக்சிஜன்தானே, மூச்சுக்கு நல்லது என்று அதற்குள் போய் நின்று செல்போனில் படம் எடுப்பவர்களை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போகாதீர்கள். பக்கத்தில் நிறுத்தியிருக்கும் பைக்கைக் காப்பாற்றுகிறேன் என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். டீக்கடை அடுப்பு இருந்தால் அணைக்கச் சொல்லிவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி, 101க்குச் சொல்லுங்கள்.

தார் ரோடு விஷயம் இன்னும் மோசம். திரவ ஆக்சிஜன் தாரில் ஊறினால் அந்த இடம் ஒரு தட்டுத் தட்டினாலே வெடிக்கக்கூடிய சரக்காகிவிடும். காலடி பட்டாலும் போதும், டயர் ஏறினாலும் போதும். அதனால்தான் திரவ ஆக்சிஜன் தொட்டிகளுக்கும், டேங்கர் நின்று இறக்கும் இடத்துக்கும் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் தெரு நர்சிங் ஹோமில் அந்தத் தளம் இருக்கிறதா, பீப்பாயைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறதா, அதன் பக்கத்திலேயே ஜெனரேட்டருக்கு டீசல் கேன் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். குடியிருப்போர் சங்கம் சேர்ந்து போய்க் கேட்டால் தப்பே இல்லை. டியூராவிலிருந்து அவ்வப்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். உள்ளே சூடேறி ஆவியாவதை வெளியே விடும் வால்வு அது, இயல்பானது. இரவில் தூக்கம் கெடுகிறது என்று அதை யாராவது அடைத்துவைத்தால் பீப்பாய் வெடிக்கும். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்த வால்வு இருப்பதே அதற்காகத்தான்.

அந்தத் திரவம் மேலே தெறித்தால் கொள்ளி வைத்ததுபோல் தோல் வெந்துவிடும். தேய்க்கக் கூடாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிடுங்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தத் திரவ ஆக்சிஜன் பீப்பாயைச் சின்னதாகச் செய்து முதுகில் மாட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்பார்கள். முடியும். மேல்நாடுகளில் நோயாளிகள் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் திரவ ஆக்சிஜன் குடுவைகள் உண்டு. கென்னடி விண்வெளி மையத்தில் நச்சு எரிபொருளைக் கையாளும் ஊழியர்கள் போடும் முழு உடை ஒன்றில், மூச்சு விடுவதற்குத் திரவக் காற்றையே முதுகில் சுமந்தார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலேயே கொதித்து முதலில் போய்விடும், ஆக்சிஜன் பின்தங்கும். வைத்திருக்க வைத்திருக்க மிச்சமிருப்பதில் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். கலவை சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை ஏற்பாடும் பயிற்சியும் உள்ள இடத்தில் அது ஓடும். நம் வீடுகளுக்கு அதை நிரப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாத நிலையில், யாராவது திரவ ஆக்சிஜன் குடுவை என்று விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தாம்பரத்துக்கு இந்த மூச்சுச் சங்கதி புதிது கிடையாது. 1928இல் டாக்டர் சவுரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, காசத்துக்கு மருந்தே கண்டுபிடிக்கப்படவில்லை. நல்ல காற்றும் வெயிலும் ஓய்வும்தான் வைத்தியம். அதற்காகவே நகரத்தை விட்டு இந்தக் காட்டைத் தேடி வந்தார். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நின்றுவிட்டது. அதே ஊரில் இன்று காற்றைச் சிலிண்டரில் அடைத்து வாங்குகிறோம், அது தீர்ந்துபோகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

2021 மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் தடைப்பட்டதால்தான் என்று உறவினர்கள் கதறினார்கள். தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். பத்து நாள் கழித்துத்தான் தமிழ்நாட்டுக்கு முதல் ஆக்சிஜன் ரயில் மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து வந்து சேர்ந்தது. தொட்டியில் திரவம் நிறைய இருந்தாலும் படுக்கைக்கு அழுத்தம் குறையலாம் என்பதையும் அந்த நாட்களில்தான் நாடெங்கும் கற்றுக்கொண்டார்கள். திரவத்தை வாயுவாக்கும் குழாய் அடுக்கில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி இழுத்தால், காற்றின் ஈரம் பனிக்கட்டியாக அதன்மேல் படிந்து மூடிவிடும். பிறகு ஆவியாவது குறையும். ஊழியர்கள் விடிய விடிய அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்த மருத்துவமனைகள் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு வருகிற ஆபத்து வேறு, அது மழையோடு வரும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது கான்சென்ட்ரேட்டர். அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் பெட்டி, கரண்டில் ஓடுவது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்தன. மணப்பாக்கத்தில் வெள்ளம் புகுந்த மருத்துவமனையில் நடந்த மரணங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் முடிச்சூர், பெருங்களத்தூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி. பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, படகு வந்தது. ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஒரே பேட்டரி என்றால், ஃபேனும் லைட்டும் இல்லாமலேயே மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். அதற்குப் பிறகு?

சிலிண்டர்தான் கைகொடுக்க வேண்டும். அது எத்தனை மணி நேரம் வரும் என்ற கணக்கை இப்போதே போட்டு வையுங்கள். சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் பெருக்குங்கள். பி டைப் என்பது சுமார் பத்து லிட்டர். 150 கிலோ அழுத்தத்தில் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். டி டைப் சுமார் 46 லிட்டர். ஏறக்குறைய 7,000 லிட்டர். அதே இரண்டு லிட்டருக்கு இரண்டரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து லிட்டர் தேவைப்படுபவருக்கு அதுவே ஒரு நாள்கூடத் தாங்காது. முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. தரைத்தளத்தில் இருக்கும் முடிச்சூர்க்காரர் ஒரு பி டைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாக ஃப்ளோமீட்டரைத் திருகிக் கூட்டவும் வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பது மருத்துவக் கணக்கு. 98க்கு ஏற்றுகிறேன் என்று அள்ளிக் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கி, ஆள் தூங்குவதுபோல மயங்கிப்போவார். நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நோயாளிக்கு எந்த எண் என்பதை டாக்டரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தட்டுப்பாடு வந்தால் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். 2021இல் டெல்லியில் தீயணைப்பு சிலிண்டருக்குப் பெயின்ட் அடித்து ஆக்சிஜன் சிலிண்டர் என்று விற்றவர்கள் பிடிபட்டார்கள். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. முழுக்கக் கறுப்பு என்றால் அது வெல்டிங் பட்டறைக்கானது. சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து நைட்ரஜன். அதைச் சுவாசித்தால் இரண்டு மூச்சில் நினைவு போய்விடும். கழுத்தில் அச்சடித்திருக்கும் சோதனைத் தேதியையும் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். டப்பாவில் ஸ்பிரே மாதிரி விற்கிற ஆக்சிஜனை நம்பி யாரும் காசைக் கரியாக்காதீர்கள். பத்து லிட்டர் டப்பா என்றால் இரண்டு லிட்டர் வீதத்துக்கு ஐந்தே நிமிடம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். சிலிண்டர் தருபவரிடம் வெள்ளம் வந்தால் எந்தக் கிடங்கிலிருந்து, எந்த வழியாகக் கொண்டுவருவார் என்று கேளுங்கள். 'பார்த்துக்கலாம் சார்' என்றால் இன்னொருவரைத் தேடுங்கள். முதல் மாடியிலோ மேட்டுப் பகுதியிலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வையுங்கள். மழை எச்சரிக்கை வந்த அன்றே நோயாளியை அங்கே மாற்றுங்கள், தண்ணீர் தெருவுக்குள் வந்த பிறகு சிலிண்டரோடு படகில் ஏற்றுவது முடிகிற காரியம் அல்ல. மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108, இரண்டையும் வீட்டுப் பையனின் போனில் மட்டும் வைக்காமல், பெரியவரோடு பகலில் இருப்பவர் கையிலும் கொடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவதையும் அந்த ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, உங்கள் கண் முன்னால் இரண்டு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள், ஒருமுறை வெளிச்சத்தில், ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில். அந்த நேரத்தில் யாரும் மெழுகுவத்தியைத் தேடக் கூடாது.